அக்காவுக்கு வாங்கிய கட்டில்

லண்டனில் பிள்ளை பெறச் செலவில்லை என்று எனக்கு முதலில் சொன்னவர், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீதி முனையில் கடை வைத்திருக்கும் அண்ணை. முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச எல்லாம் ஃப்ரீ, தங்கச்சி. போறது, பெறுறது, வாறது. ஒரு சதம் கேக்க மாட்டாங்கள்."

அவர் பெற்றுப் பார்த்தவர் போலவே சொன்னார். நான் சிரித்துவிட்டு முருங்கைக்காயோடு வந்துவிட்டேன். அடுத்த கிழமை அதே கடையில் வேறு யாரோ என் கணவரைப் பிடித்து, எங்களைப் போலப் பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது பில் வரும், சிசேரியன் என்றால் ஒரு வான் வாங்குகிற காசு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து நேரே வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானைக் கழுவத் தொடங்கினார். அவருக்குப் பயம் வந்தால் வானைக் கழுவுவார். தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்கும் அந்த வான்தான் எங்கள் முழுச் சம்பாத்தியமும், அதனால் அதைக் கழுவினால் ஏதோ காரியம் நடந்த மாதிரி அவருக்கு ஒரு ஆறுதல்.

பாரிசில் இருந்து நாங்கள் இங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இந்த நாட்டில் தங்கும் அனுமதி கைபேசியில் இருந்தது. மருத்துவச்சி, இங்கே மிட்வைஃப் என்பார்கள், என்னைப் பார்த்த அன்று இவர் அதை அச்செடுத்து, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு வந்து, அவள் கேட்கும் முன்பே மேசையில் பரப்பினார். அவள் ஆஸ்பத்திரிக் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வந்து, உங்களுக்குப் பில் இல்லை, நிம்மதியாகப் போங்கள் என்றாள். முதல் பிள்ளை சிசேரியன் என்பதால் இதற்கும் நாள் குறித்துச் சிசேரியன் செய்வதே நல்லது என்று டொக்டர் எழுதியிருந்தார். பஸ்ஸில் வரும்போது இவர் என்னைப் பார்த்து, "பாத்தீரே, செலவில்லை" என்றார். கடை அண்ணையின் அதே குரல்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

சிசேரியனுக்கு என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒன்று செய்திருக்கிறேன். மூத்தவள் பாரிசில் பிறந்தாள். அங்கே மருத்துவக் காப்புறுதி அட்டையைக் காட்டினோம், எங்கள் கையால் கொடுத்தது அற்பம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மனுசி தேவைப்பட்டாள். எழும்பி இருக்க ஒரு கை, இருமும்போது வயிற்றில் அழுத்திப் பிடிக்கத் தலையணை எடுத்துத் தர ஒரு கை, பிள்ளையைத் தூக்கித் தர, திரும்ப வாங்க. அந்தக் கைகள் எல்லாம் என் அக்காவின் கைகளாக இருந்தன.

அக்கா பாரிசில் கந்தோர்கள் கூட்டித் துடைக்கிற வேலை. விடியப் போவாள், பின்னேரம் திரும்பவும் போவாள். நடுவில் மத்தியானம் அவளுக்கு ஓய்வு. அந்த ஓய்வைத்தான் எனக்குத் தந்தாள். ரயிலேறி எங்கள் ஒற்றை அறைக்கு வந்து, மிளகு, சீரகம், மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் சேர்த்துச் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைப்பாள். பால் ஊறுவதற்குச் சுறா வாங்கி வந்து வறுப்பாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவாள். எனக்குச் சுடுதண்ணீரில் துணி நனைத்து முதுகில் ஒத்தடம் தருவாள். எல்லாம் முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் அரக்கிப் படு" என்பாள். நகர்ந்து படு என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். காயத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நான் சுவர்ப்பக்கம் அரக்குவேன். அந்தக் குட்டிக் கட்டிலின் மிச்சத்தில் அவள் சரிந்து படுத்து, அடுத்த வேலைக்குப் போகும்வரை கண்ணை மூடுவாள். அவளுடைய கையில் தரை துடைக்கும் மருந்தின் மணமும் உள்ளி மணமும் கலந்திருக்கும். அம்மா இல்லாத எனக்கு அந்த மணம் போதுமாக இருந்தது.

அது செலவு என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் செலவை அக்கா கட்டிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

பிறகு இவருக்கு லண்டனில் வான் ஓட்டுகிற வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். அக்காவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை. அவளிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு இங்கே வர விசா வேண்டும். பாரிசில் காலைச் சாப்பாடு சாப்பிட்டு ரயிலேறுகிறவர்கள் லண்டனில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் கடைத்தெருவில் பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைகளின் மிக்சர் பைக்கற் தொங்குகிறது. மிக்சர் வந்துவிட்டது, அக்கா வரவில்லை. இதைச் சொன்னால் இவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் சில நாட்கள் அந்தப் பைக்கற்றைக் கையில் எடுத்து, பாரிஸ் விலாசத்தை வாசித்துவிட்டுத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் இருந்து திட்டம் போட்டோம். இவர் திட்டம் போடுவதில் கெட்டிக்காரர். என்னென்ன வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன். பல கிழமைக்குப் பிள்ளையைவிடப் பாரமான ஒன்றையும் நான் தூக்கக் கூடாது. அப்படியென்றால் மூத்தவளைத் தூக்க முடியாது, உடுப்புக் கூடையைத் தூக்க முடியாது. படுக்கையறை மேல்மாடியில், படியேறி இறங்க ஏலாது. மூத்தவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட வேண்டும். இவர் வீட்டில் நின்றால் அந்தக் கிழமைகளுக்கு உழைப்பு இல்லை. சொந்தமாக ஓடுகிற வானுக்கு லீவுச் சம்பளம் யார் தருவார்கள்.

"குரொய்டனில ஒரு அன்ரி இருக்கிறாவாம். பிள்ளைப் பெத்த வீடுகளுக்கு வந்து பத்தியம் சமைச்சுக் குடுப்பாவாம். கிழமைக்கு இவ்வளவு எண்டு குடுத்தால் காணும்" என்றார்.

"அக்காவைக் கூப்பிடுவம்."

"விசாச் செலவு, டிக்கெட், அவவுக்கு வேலை இல்லாத நாட்கள். அன்ரி மலிவு."

"அக்காவைக் கூப்பிடுவம்" என்று திரும்பவும் சொன்னேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீர் ஆள் கேக்கேல்லை. அக்காவைத்தான் கேக்கிறீர்" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கணக்குப் பேசவில்லை. அந்த விசயத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த சனிக்கிழமை மடக்கிற கட்டில் ஒன்றை வாங்கி வந்து, கீழே முன்னறையில் ஜன்னலோரமாக விரித்துப் பார்த்தார். மூத்தவள் அதில் ஏறிக் குதித்து, "பெரியம்மாவுக்கு இது காணாது, அவா பெரிய ஆள்" என்றாள். நினைவு தெரிந்த நாளில் இருந்து அவளுக்குப் பெரியம்மாவைக் கைபேசியில்தான் தெரியும். திரையில் எல்லோரும் பெரிய ஆட்கள்தான்.

அக்காவுக்குக் கைபேசியில் சொன்னேன். "நான் சுறாவுக்கு அங்க எங்க போறது?" என்று கேட்டாள். அவள் வரச் சம்மதித்தது அப்படித்தான்.

விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். அக்காவின் கணக்கில் சம்பளம் வரும், வாடகை போகும், மிச்சம் ஊருக்குப் போகும். அதைக் காட்டினால் விசாக்காரர் சிரிப்பார்கள் என்று அவளே முடிவு செய்தாள். எங்கள் ஆட்களுக்கு அவசரம் வந்தால் முதலில் ஞாபகம் வருவது சீட்டு. தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து மாதாமாதம் காசு போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுத்தொகையையும் எடுப்பார். அவசரமாக எடுக்கிறவர் கொஞ்சத்தைக் கழிவு விட்டுக்கொடுத்து எடுப்பார். அக்கா பெருங்கழிவு விட்டுத் தன் சீட்டை எடுத்தாள். எடுத்த காசை அப்படியே கொண்டுபோய் வங்கியில் போட்டாள். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"இப்ப பாத்தால் நான் ஒரு முதலாளி மாதிரி" என்றாள்.

எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. இருவரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நாள் குறித்தார்கள். இதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கா நாள் பார்க்காமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் ஏசுவாள். பாரிசுக்கு வந்த பிறகும் ராகுகாலம் முடியும்வரை ரயில் நிலையத்தில் நின்றுவிட்டு வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கியவள். பிள்ளை பிறக்கும் நாளை நாமே தெரிவு செய்யலாம் என்றால் அவள் விடுவாளா.

"பொறு. பாத்துச் சொல்லுறன்" என்றாள்.

அடுத்த நாள் கைபேசியில் எடுத்தாள். "செவ்வாய் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு மாத்தச் சொல்லு. நல்ல நாள், நல்ல நட்சத்திரம். நான் வடிவாப் பாத்தனான்" என்றாள். குரல் கொஞ்சம் அவசரப்பட்டது.

நான் குசினியில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு மேலே கடை அண்ணை தந்த தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. பேசியபடியே அந்த வெள்ளிக்கிழமையைத் தேடினேன். அட்டமி. நல்ல காரியம் எதற்கும் எங்கள் ஆட்கள் எடுக்காத நாள். அக்கா அன்று ஒரு சட்டைகூட வாங்க மாட்டாள்.

அவளுக்கு லீவு வியாழக்கிழமையில் இருந்துதான் கிடைத்திருந்தது. அதை முந்தின கிழமையே சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை நான் கத்திக்குக் கீழே கிடக்கும்போது அவள் பாரிசில் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். வியாழன் ரயிலேறினால் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் நிற்பாள். அவ்வளவுதான் விசயம்.

"சரி அக்கா, வெள்ளிக்கிழமைக்குக் கேக்கிறன்" என்றேன்.

மிட்வைஃப் ஒரு மறுப்பும் சொல்லாமல் மாற்றித் தந்தாள். இவர் கலண்டர் பார்க்கிற ஆள் இல்லை. ஊரில் இருக்கும் இவரின் அம்மா, என் மாமி, பார்க்கிற ஆள், ஆனால் அவவுக்கு நாங்கள் நாளைச் சொல்லவேயில்லை. ஆஸ்பத்திரிக்காரர் கடைசியில்தான் சொல்வார்கள் என்று ஒரு பொய். அந்த வெள்ளிக்கிழமையை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். கடைக்குப் போனால் சுறா இருக்கிறதா என்று கேட்பேன். முன்னறைக் கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்பு வாங்கி, கழுவி, விரித்து வைத்தேன். பிறக்கும் முன்பு பிள்ளைக்கு ஒன்றும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் பிள்ளைக்கு வாங்க வேண்டிய ஆசையையும் சேர்த்து அக்காவுக்கு வாங்கினேன். குளிருக்கு ஒரு கம்பளிச் சப்பாத்து, பல்தூரிகை, அவளுக்குப் பிடித்த எள்ளுருண்டை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போய் அந்தக் கட்டிலின் நுனியில் இருந்து ஜன்னலால் பஸ் போவதைப் பார்ப்பேன். இந்தப் பஸ்ஸில் வந்து அந்தத் தரிப்பில் இறங்குவாள், பெட்டியைத் தூக்கத் தெரியாமல் இழுப்பாள் என்று நினைப்பேன். நினைக்க நினைக்க நெஞ்சு வலிக்கும். வரப்போகிறவளை நினைத்து ஏன் வலிக்க வேண்டும் என்று எனக்கே விளங்காது.

இடையில் பாரிசில் இருந்து வந்த ஒருவரிடம் அக்கா ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தாள். வறுத்து அரைத்த சரக்குத்தூள். நான் வரேக்கை இதைத் தூக்கிக்கொண்டு வந்தால் ரயில் முழுக்க மணக்கும், அதனால் முதலே அனுப்பினேன் என்றாள். விசா வராமல் போனால் என்று அவளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும்.

விசா இல்லை என்ற பதில் அந்தக் கிழமைத் திங்கட்கிழமை வந்தது. காரணம் எளிது. கணக்கில் திடீரென்று வந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லையாம், அவள் திரும்பிப் போவாள் என்று நம்ப ஏலாதாம். முதலாளி மாதிரித் தெரியட்டும் என்று போட்ட காசுதான் அவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. சீட்டு என்றால் என்ன என்று அவர்களுக்கு விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு கையெழுத்தும் இல்லாமல் ஒருவரை ஒருவர் நம்பிக் காசு போடுகிற ஆட்கள் நாங்கள் என்று சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வெறும் கணக்கைக் காட்டியிருந்தால் விசா கிடைத்திருக்குமா என்பதும் யாருக்குத் தெரியும்.

அக்கா மத்தியான ஓய்வில் எடுத்தாள். விசா இல்லை என்பதை அழாமல் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

"ஒண்டு சொல்லவேணும். நாளை மாத்து. திரும்பச் செவ்வாய்க்கே கேளு, அல்லாட்டி அடுத்த கிழமைக்குக் கேளு. வெள்ளி வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"நான் உனக்குப் பொய் சொன்னனான். அண்டைக்கு அட்டமி." மூச்சை இழுத்தாள். "நான் வாறதுக்காகச் சொன்னனான். உன்ர பிள்ளைக்கு நாள் பாக்காமல் எனக்கு நாள் பாத்தனான். இப்ப நானும் இல்லை, நாளும் இல்லை. அதுக்கு ஏதும் வந்தால் நான் என்னண்டு இருக்கிறது?"

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அட்டமி எண்டு. நீ சொல்லேக்கையே பாத்தனான். கலண்டர் குசினியிலதானே தொங்குது."

அவளுக்குப் பின்னால் மெட்ரோ போகிற சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுகொண்டே ஏன் ஓம் எண்டனி?"

"நீ வாறாய் எண்டு."

நாளை மாற்றச் சொல்லி அவள் கெஞ்சினாள். நான் மாற்றவில்லை. இவர் வான் வேலையை அந்த நாளுக்கேற்ப நிறுத்தி வைத்திருந்தார் என்று அவளுக்கு ஒரு காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. அவள் தன் நம்பிக்கையை எல்லாம் மீறி எனக்காக எடுத்த நாள் அது. அவள் வரவில்லை என்பதற்காக அதையும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய, கடை அண்ணையின் மனைவி வந்து மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அன்பாக நடந்தார்கள். முதுகில் ஊசி போட்டார்கள், நீலத்துணி கட்டினார்கள், இவர் என் தலைமாட்டில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். வயிற்றுக்குள் யாரோ அலுமாரியில் எதையோ தேடுவது போல் இருந்தது, வலி இல்லை. பிறகு அழுகைச் சத்தம். பெட்டைப் பிள்ளை. முகத்தைப் பார்த்ததும் இவரே சொன்னார், "உம்மட அக்கா" என்று. அவளுடைய அந்த அகலமான நெற்றி, கோபக்காரி மாதிரி இறுக்கிய வாய். நான் அப்போது அழுதேன். சந்தோசத்தில் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள். சந்தோசமும்தான்.

வீட்டுக்கு வந்த அன்று கடை அண்ணை வாசலில் வந்து ஒரு பை மரக்கறி தந்தார். "பாத்தனீரே தம்பி, ஒரு சதம் செலவில்லை" என்று இவரிடம் சொன்னார். இவர் ஓம் அண்ணை என்றார். என்னைப் பார்க்கவில்லை.

குரொய்டன் அன்ரிக்கு அந்தக் கிழமைகளில் வேறு வீட்டில் வேலை. அதனால் இவரே பத்தியம் சமைத்தார். கைபேசியை அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு அக்கா சொல்லச் சொல்லச் செய்தார். அவள் வெறும் குரலில்தான் எடுப்பாள். முகம் பார்த்தால் அழுகை வரும் என்று அவளுக்குத் தெரியும். முன்னறையில் படுத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தூளை இப்ப போடாதையும் தம்பி. முதல் உள்ளி வதங்கட்டும். வதங்கீட்டுதோ?"

"ஓம்."

"மணக்குதோ?"

"ஓம் அக்கா."

"பொய் சொல்லாதையும். இன்னும் பச்சை மணம் இருக்கும்."

இருந்தது. எனக்கே மணத்தது. தூள் விழுந்ததும், பாரிசில் மத்தியானத்தில் எங்கள் அறையில் மணத்த அதே சரக்கு, சுவரைத் தாண்டி வந்தது. குரலும் இருந்தது, மணமும் இருந்தது. கண்ணை மூடினால் ஆளும் இருந்தாள். கண்ணைத் திறக்கத்தான் பிடிக்கவில்லை.

கறி அடுப்பில் கொதிக்க, இவர் கைபேசியைக் கொண்டுவந்து என் காதருகே வைத்துவிட்டுப் போனார். சின்னவள் என் நெஞ்சில் நித்திரை.

"என்ன செய்யிறாய்?" என்றாள் அக்கா.

"படுத்திருக்கிறன்."

"படியேறினியோ? மேல போகாதை எண்டு சொன்னனான்."

"இல்லை. கீழதான். முன்னறையில."

"அங்க எங்க படுக்கிறாய்?"

"உன்ர கட்டிலில" என்றேன். "உனக்கு வாங்கினதில."

பாரிசிலும் அது மத்தியானம். அவளுடைய பழைய ஓய்வு நேரம், ஆனால் இன்று எனக்கென்று கேட்டு வாங்கிய லீவின் ஒரு நாள். எங்கேயோ அவள் தனியாகச் சரிந்து படுப்பது, கட்டில் கிரீச்சிடுவதில் கேட்டது.

"அப்ப கொஞ்சம் அரக்கிப் படு" என்றாள்.

நான் காயத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து, ஜன்னல் பக்கமாக மெல்ல அரக்கினேன்.